கடற்குதிரை கடலிலேயே இருக்கட்டும்... வண்ண மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி?

தீவனம், நீரோட்டம், மின்வெட்டு... மூன்றையும் கணக்குப் போட்டு வாங்கினால் மீனும் பிழைக்கும், போட்ட முதலும் பிழைக்கும்!

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம், தக்கலை சுற்றுவட்டாரத்துக்கு வண்ண மீன் வளர்ப்பு நன்றாகவே பொருந்தும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் பகுதி இது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாய் வழியாக வருகிறது. வீட்டுக்கு ஒரு கிணறு, பின்பக்கம் நாலு தென்னை, அதன் நிழலில் இரண்டு சிமென்ட் தொட்டி கட்ட இடம். சிறு விவசாயக் குடும்பத்துக்கு இது போதும்.

ஆனால், இந்தத் தொழிலில் இறங்குபவர்கள் முதல் அடி வாங்குவது பெரும்பாலும் வடிகட்டி விஷயத்தில்தான். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி மாட்டுகிறார்கள். பத்து நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் பாதி மீன் இருக்காது. தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, என்ன நோய் என்று மருந்து தேடி அலைவார்கள். அது நோயில்லை, வடிகட்டி வேலை செய்யவில்லை.

குளச்சலும் முட்டமும் பக்கத்தில்தான் இருக்கின்றன, கடல் தண்ணீர் கொண்டு வந்து கடற்குதிரை வளர்த்தால் நல்ல விலை கிடைக்காதா என்று விசாரிப்பவர்களும் உண்டு. வடிகட்டியைப் பற்றிப் பேசும் முன் இதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடற்குதிரையை வீட்டில் வளர்க்கக் கூடாது. கடற்குதிரையும், அதே குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட குழாய் போன்ற மீன்களும் 2001-ம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனை வரை போகும். உயிரோடு இருந்தாலும் காய்ந்த கருவாடாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இழுவலையில் சிக்கும் கடற்குதிரைகளைக் காயவைத்து, சீன மருத்துவத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரம் ஒரு காலத்தில் பெரிதாக நடந்தது. குட்டிகளைத் தன் வயிற்றுப் பையில் சுமப்பது ஆண் கடற்குதிரை. ஒரு ஆண் வலையில் போனால் அதோடு ஒரு ஈற்றுக் குட்டிகளும் போகும். உலக அளவிலும் இதன் வியாபாரத்துக்கு 2004 முதல் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது.

கடல் தொட்டியில் அழகுக்காக வைக்கும் பவளப்பாறைக்கும் இதே சட்டம்தான். கடற்கரையில் கிடந்தது, யாரோ கொடுத்தது என்ற சமாதானம் எடுபடாது.

கடற்குதிரை வளர்ப்பு பற்றிய ஆராய்ச்சி வேறு விஷயம். அதற்கு உரிய அனுமதியோடு ஆராய்ச்சி நிறுவனங்கள் செய்கின்றன. திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் அப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

கடற்குதிரை கற்றுத்தரும் பாடம்

வளர்க்கக் கூடாது என்றாலும், வடிகட்டி விஷயத்தில் கடற்குதிரையிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதற்கு வயிறு என்ற உறுப்பே கிடையாது; பல்லும் கிடையாது. குழாய் போன்ற வாயால் உயிருள்ள சின்ன இறால் வகைகளை உறிஞ்சித் தின்னும். வயிறு இல்லாததால் தின்றது சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். தீனி அதிகம், கழிவும் அதிகம். ஆகவே பலமான வடிகட்டி தேவை.

ஆனால் அது நீந்துவதில் மிகவும் பலவீனமானது. முதுகில் இருக்கும் சின்னத் துடுப்பை விசிறி மாதிரி படபடவென அடித்துத்தான் நகரும். பலமான மோட்டார் வைத்தால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். உறிஞ்சும் குழாயின் வாயில் வால் சிக்கிக்கொள்ளும். ஆகவே வடிகட்டும் சக்தி அதிகமாகவும், நீரோட்டம் மெதுவாகவும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவருவதுதான் சிக்கல். கடையில் ஃபில்டர் அட்டையில் போட்டிருக்கும் ‘மணிக்கு இத்தனை லிட்டர்’ என்ற எண் நீரோட்டத்தைத்தான் சொல்கிறது. வடிகட்டும் சக்தியை அது சொல்லாது. ஃபைட்டர், கௌராமி, ஏஞ்சல், நீண்ட வால் கொண்ட கப்பி, பிறந்து நாலு நாளான குஞ்சு எல்லாமே இந்த விஷயத்தில் கடற்குதிரையின் உறவினர்கள்தான். வேகமான ஓட்டத்தில் நாளெல்லாம் எதிர்நீச்சல் போட்டால் தின்ற தீனி வளர்ச்சிக்குப் போகாது.

வடிகட்டிக்குள் வேலை செய்வது யார்?

வடிகட்டி மூன்று வேலை செய்கிறது. முதலாவது, மிதக்கும் அழுக்கைப் பிடிப்பது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவை மாற்றுவது. மூன்றாவது, நிறம், வாடை ஆகியவற்றை எடுப்பது. மூன்றாவது வேலைக்குத்தான் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன். அது இல்லாமலும் மீன் பிழைக்கும். முதல் வேலையும் ஓரளவு தள்ளிப்போடலாம். இரண்டாவது வேலை ஒருநாள் நின்றாலும் ஆபத்து.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். வயலில் யூரியா போட்டால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கி, நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்கிப் பயிருக்குக் கொடுப்பதை விவசாயிகள் அறிவார்கள். அதே வகை நுண்ணுயிர்கள்தான் வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறி, அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை; தண்ணீர் மாற்றும்போது போய்விடும். அந்தத் தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ விட்டால் உரமும் ஆச்சு.

ஆக, கடையில் காசு கொடுத்து வாங்குவது நுண்ணுயிர்களுக்கு ஒரு வீடு மட்டுமே. அவற்றுக்கு ஒட்டிக்கொள்ள இடம், ஓயாமல் ஆக்சிஜன், சிறிது சுண்ணாம்புச் சத்து ஆகிய மூன்றும் தேவை. இந்த மூன்றையும் கொடுக்கும் அமைப்பே நல்ல வடிகட்டி.

தீவனத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்!

‘200 லிட்டர் தொட்டிக்கு இந்த ஃபில்டர்’ என்று அட்டையில் போட்டிருக்கும். ஆனால் அம்மோனியா தொட்டியின் அளவிலிருந்து வருவதில்லை, தீவனத்திலிருந்து வருகிறது.

உதாரணத்துக்கு 500 லிட்டர் தொட்டி. நாளைக்கு 10 கிராம் தீவனம். தீவனத்தில் 35 சதவிகிதம் புரதம். இதிலிருந்து ஒரு நாளில் சுமார் 0.32 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். லிட்டருக்கு 0.64 மில்லிகிராம். வடிகட்டி இல்லாவிட்டால் மூன்றே நாளில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவை நெருங்கிவிடும்.

இந்த 2 மில்லிகிராம் எவ்வளவு ஆபத்து என்பதைத் தண்ணீரின் பிஎச் முடிவு செய்கிறது. 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது ஆறரை சதவிகிதம் அளவுக்கு உயரும். அதே மீன், அதே தீவனம், விஷம் மட்டும் ஒன்பது மடங்கு!

வடிகட்டியின் அளவுக்கு வருவோம். நுண்ணுயிர் படிந்த ஒரு சதுர மீட்டர் பரப்பு, வீட்டுத் தொட்டியில் நாளுக்கு 0.1 முதல் 0.2 கிராம் வரை அம்மோனியாவை மாற்றும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. 0.32 கிராமுக்கு 2 முதல் 3 சதுர மீட்டர் வேண்டும். மீன் ஃபில்டருக்கான சொரசொரப்பான ஸ்பாஞ்சில் ஒரு லிட்டர் கன அளவுக்குள் ஏறக்குறைய முக்கால் முதல் ஒரு சதுர மீட்டர் பரப்பு அடங்கும். ஆகவே, நாளைக்கு 10 கிராம் தீவனத்துக்கு 3 முதல் 4 லிட்டர் ஸ்பாஞ்ச். 10 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு துண்டு சரியாக 3 லிட்டர். இதில் இரண்டு துண்டு இருந்தால், ஒன்றைக் கழுவும்போது இன்னொன்று வேலை பார்க்கும்.

தீவனத்தைக் கூட்டினால் ஸ்பாஞ்சையும் கூட்ட வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் தீவனத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடுவது எல்லாம் காசைக் கொடுத்து விஷம் வாங்குவதுதான்.

எந்த வகை யாருக்கு?

காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ஏர் பம்ப்பிலிருந்து வரும் காற்றுக்குமிழி குழாய் வழியே மேலே ஏறும்போது ஸ்பாஞ்ச் வழியாகத் தண்ணீரையும் இழுக்கும். நீரோட்டம் மெதுவானது. குஞ்சு உள்ளே போகாது. ஸ்பாஞ்சில் படியும் நுண்ணிய உணவைக் குஞ்சுகள் கொத்தித் தின்னவும் செய்யும். சின்ன ஏர் பம்ப் 5 வாட் மின்சாரம் எடுத்தால் மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். கப்பி, ஃபைட்டர், கௌராமி வளர்க்கும் புறக்கடைத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. அழுக்கைப் பிடிப்பதில் கொஞ்சம் மந்தம் என்பதே இதன் குறை. வாரம் ஒருமுறை டியூப் போட்டு அடிமண்டியை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

தண்ணீருக்குள் வைக்கும் பவர் ஃபில்டர்: விலை குறைவு, ஓட்டம் பலம், ஸ்பாஞ்ச் சிறியது. பார்க்க அதிகம், வேலை குறைவு. கோல்டுஃபிஷ் போன்ற கழிவு அதிகமுள்ள மீன்களுக்குத் துணை வடிகட்டியாக வைக்கலாம். இதை மட்டும் நம்பக் கூடாது. உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டினால் குஞ்சுகள் தப்பும்.

தொட்டி ஓரத்தில் தொங்கும் ஃபில்டர்: கண்ணாடித் தொட்டிக்குச் சரி. சிமென்ட் தொட்டியின் தடித்த விளிம்பில் உட்காராது. தண்ணீர் மட்டம் குறைந்தால் ஓட்டம் நின்றுவிடும்.

சரளைக்கு அடியில் வைக்கும் தட்டு: பழைய முறை. அம்மோனியாவை நன்றாக மாற்றும். ஆனால் அழுக்கெல்லாம் சரளைக்கு அடியில் சேரும். கழுவ வேண்டுமென்றால் தொட்டியையே கலைக்க வேண்டும். விற்பனைக்கு மீன் வளர்ப்பவர்களுக்கு ஒத்துவராது.

கேனிஸ்டர்: மூடிய டப்பா வழியாகத் தண்ணீரை அனுப்பும் வகை. ஹாலில் ஒரு பெரிய காட்சித் தொட்டி வைத்திருப்பவருக்கு நல்லது. 25 வாட் மோட்டார் என்றால் மாதம் 18 யூனிட். கரன்ட் போனால் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். கரன்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போகும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு டப்பாவைத் திறந்து கழுவிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

டிரம் வடிகட்டி: நாலைந்து சிமென்ட் தொட்டி வைத்திருப்பவருக்கு ஏற்றது. 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் அடியில் சொரசொரப்பான ஸ்பாஞ்ச், அதற்கு மேல் உடைத்த ஓட்டுத்துண்டு அல்லது பிளாஸ்டிக் பயோ பந்து. தண்ணீர் கீழிருந்து மேலாக மெதுவாக ஏறி, தொட்டிக்குள் பல ஓட்டை போட்ட பிவிசி குழாய் வழியாகப் பரவலாக விழ வேண்டும். ஒரே இடத்தில் கொட்டாமல் நீளமாகச் சிந்துவதால் ஓட்டத்தின் வேகம் உடைந்துவிடும். மோட்டார் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அட்டையில் போட்ட லிட்டர், உயரமே இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. ஒரு மீட்டர் மேலே ஏற்றினால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

இந்த மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. ரப்பர் பால் வைத்திருந்த டிரம்மை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பால் கெட்டியாகாமல் இருக்க அம்மோனியாவும், ஷீட் அடிக்க ஆசிட்டும் பயன்படுத்துகிறோம். எவ்வளவு கழுவினாலும் மிச்சம் இருக்கலாம். பூச்சிமருந்து டிரம்முக்கும் இதேதான்.

துருக்கல் பூமிக்குச் சிப்பி ஓடு!

துருக்கல், செம்மண் பகுதிக் கிணறுகளில் தண்ணீர் பெரும்பாலும் மென்மையாகவும் லேசான புளிப்புத்தன்மையோடும் இருக்கும். குடிக்க அருமையான தண்ணீர். ஆனால் வடிகட்டி நுண்ணுயிர்கள் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தைச் செலவழிக்கின்றன. மேலே சொன்ன 10 கிராம் தீவனக் கணக்குக்கு நாளைக்கு 2.3 கிராம், மாதத்துக்கு 70 கிராம். மென்மையான தண்ணீரில் இந்தச் சத்து சீக்கிரம் தீர்ந்து, பிஎச் சரிந்து, நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். முதல் மாதம் நன்றாக ஓடிய வடிகட்டி இரண்டாம் மாதம் ‘கெட்டுப்போவதற்கு’ இது முக்கியமான காரணம்.

இதற்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் சிப்பி இறைச்சி எடுத்த பிறகு ஓடு கிடைக்கும். அதை நன்றாக வேகவைத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, உடைத்து, வலைப்பையில் அரைக் கிலோ கட்டி வடிகட்டியில் தண்ணீர் ஓடும் இடத்தில் போட்டால் ஆறு மாதம் வரை வரும். தண்ணீர் புளிக்கப் புளிக்கத்தான் ஓடு கரையும் என்பதால் அளவு மிஞ்சும் பயம் குறைவு.

ஆனால் சுண்ணாம்பைக் கரைத்து நேரடியாக ஊற்றக் கூடாது. பிஎச் திடீரென்று ஏறும். ஏற்கெனவே அம்மோனியா சேர்ந்திருக்கும் தொட்டியில் பிஎச் ஏறினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். அப்படிப்பட்ட தொட்டியில் முதலில் தண்ணீர் மாற்றி அம்மோனியாவைக் குறைத்த பிறகுதான் சிப்பி ஓடு போட வேண்டும். ஃபைட்டர், கௌராமி, ஏஞ்சல் ஆகியவை மென்மையான தண்ணீரைத் தாங்கும். கப்பி, மோலிக்குச் சுண்ணாம்புச் சத்து அவசியம் வேண்டும்.

கரன்ட் போனால்..?

மழைக்காலத்தில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் கரன்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் இரவு நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரமே ஆபத்தாகிவிடும். வடிகட்டி வாங்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

12 வோல்ட் டிசி ஏர் பம்ப் ஒன்றும், 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றும் வைத்திருந்தால் 5 வாட் பம்ப் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடும். காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் பெரிய லாபம் இதுதான்: ஒரே பம்ப் மீனுக்கும் மூச்சு கொடுக்கும், நுண்ணுயிர்களுக்கும் மூச்சு கொடுக்கும்.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்ட வேண்டும். கீழே வைத்தால் கரன்ட் நின்றதும் டியூப் வழியே தண்ணீர் பம்ப்புக்குள் இறங்கும். இடமில்லையென்றால் டியூப்பில் ஒருவழி வால்வு போட வேண்டும். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் தானே நின்றுவிடும் சுவிட்ச் கட்டாயம். ஈரக் கையோடு குழந்தைகள் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள்.

ஆறு வாரம் பொறுத்தால் ஆறு வருடம் ஓடும்

புது வடிகட்டியில் நுண்ணுயிர்கள் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் நாலைந்து மீன் மட்டும் விட்டு, தீவனத்தையும் குறைவாகப் போட வேண்டும். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை வாங்கி வந்து புது வடிகட்டிக்குள் வைத்தால் நாள் குறையும். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட், பிஎச் பார்க்கும் சோதனைக் கிட் ஒன்றை வடிகட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும். சோப்பு கூடவே கூடாது. எல்லா ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் கழுவவும் கூடாது.

கடல் மீன்தான் வேண்டும் என்றால்...

கோமாளி மீன் இருக்கிறது. இதன் குஞ்சு உற்பத்தித் தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடித்ததை வாங்காமல், பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சை வாங்குவதுதான் நல்லது. ஏற்கெனவே தொட்டிக்கும் தீவனத்துக்கும் பழகியிருக்கும்.

கடல் நீர்த் தொட்டியில் நுரை பிரிப்பான் என்ற கருவி கூடுதலாக வேண்டும். நுண்ணிய குமிழிகளில் அழுக்கு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வந்து கிண்ணத்தில் சேரும். அழுகி அம்மோனியாவாகும் முன்பே கழிவை வெளியே எடுக்கும் ஒரே வடிகட்டி இது. உப்புத் தண்ணீரில்தான் இது நன்றாக வேலை செய்யும். நன்னீர்த் தொட்டிக்கு வாங்கினால் வீண். பவளப்பாறைக்குப் பதிலாகப் பீங்கான் வளையம், ஓட்டுத்துண்டு போடலாம். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு நன்னீரை ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. துறைமுகத்துக்குள்ளும், மழைக்காலத்தில் ஆறு கலக்கும் இடத்திலும் கடல் நீர் எடுக்கக் கூடாது.

முதல் தொழிலாக இதில் இறங்க வேண்டாம். நன்னீர் மீனில் ஒரு வருடம் கை பழகிய பிறகு யோசிக்கலாம்.

பயிற்சி, மானியம்

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் புறக்கடை அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் திட்ட மதிப்பு வைக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவிகிதம் மானியம். இப்போது விண்ணப்பம் பெறுகிறார்களா என்பதை நாகர்கோவிலில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே செலவில் இறங்க வேண்டும். பறக்கையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையத்திலும், திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

வாசகர் கேள்விகள்

‘டேங்க் கிளீனர்’ மீன் விட்டால் வடிகட்டி தேவையில்லை என்கிறார்களே?

தேவை. அந்த மீன் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும். அதைவிட அதிகமாகக் கழிவு போடும். அம்மோனியா கூடுமே தவிர குறையாது. அது ஒரு அடிக்கு மேலும் வளரும். வளர்ந்த பிறகு குளத்திலோ புத்தனாறு கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பல நீர்நிலைகளில் அது பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்து, வலையையும் கிழிக்கிறது. எந்த வண்ண மீனையும் வெளியே விடக் கூடாது.

அடுப்புக்கரி, தென்னை நார் இரண்டையும் வடிகட்டியில் போடலாமா?

அடுப்புக்கரி ஆக்டிவேட்டட் கார்பன் ஆகாது. வாடையையும் நிறத்தையும் எடுக்கும் சக்தி மிகக் குறைவு. நார் சாயம் இறங்கித் தண்ணீரைப் பழுப்பாக்கும். நாளடைவில் மட்கி ஆக்சிஜனையும் தின்னும். இரண்டும் வேண்டாம். சுத்தமான ஓட்டுத்துண்டு போதும்.

தொட்டியில் செடி வளர்த்தால் வடிகட்டி வேண்டாமா?

செடி நல்ல துணை. மணிபிளான்ட் வேர் தண்ணீரில் இருக்கும்படி வைத்தால் நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீருக்குள் மூழ்கி வளரும் செடிகள் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் காற்று கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. உடனே என்ன செய்வது?

தீவனத்தை நிறுத்துங்கள். காற்றைக் கூட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் அதே சூட்டில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒருநாள் திறந்து வைத்த தண்ணீராக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் மீன் தெளிந்தால் காரணம் ஆக்சிஜன் குறைவோ அம்மோனியாவோதான். அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். மருந்து எதையும் ஊற்றாதீர்கள். பல மருந்துகள் வடிகட்டியின் நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொன்றுவிடும்.

வலையில் உயிரோடு கடற்குதிரை சிக்கினால்?

வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம். ஈரக் கையால் மெதுவாக எடுத்து, உடனே அதே இடத்தில் கடலில் விட்டுவிடுங்கள்.